அந்த கோல் ஏன் செல்லவில்லை? சிறுவர் கால்பந்தில் ஆஃப்சைடு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் பலருடைய பிள்ளைகள் வார இறுதிகளில் சாக்கர் ஆடுகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை எதிரணியின் கோலருகே முன்கூட்டியே போய்க் காத்து நின்று பந்தை வாங்குவதைத் தடுக்கும் ஆஃப்சைடு என்ற ஒரே விதியைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் மகள் 10 வயதுக்கு உட்பட்டோர் அணியில், ஒரு பக்கம் 7 பேர் ஆடும் ஆட்டத்தில் விளையாடுகிறாள். சென்ற சனிக்கிழமை எதிரணிச் சிறுமி ஒருத்தி நடுக்கோட்டைச் சற்றே தாண்டி, எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் கடந்து தனியாக நின்று பந்தை வாங்கி, ஓடிப்போய் கோல் அடித்தாள். நடுவர் விசில் ஊதவில்லை. பிறகு என் மகள் ஒரு கோல் அடித்தாள். அவளுக்கும் கோலுக்கும் இடையில் எதிரணிப் பெண் ஒருத்தி நின்றிருந்தும் ஆஃப்சைடு என்று கோல் மறுக்கப்பட்டது. இரண்டில் ஒன்றாவது தவறான தீர்ப்புதானே?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியான தீர்ப்புகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் கோலைப் புரிந்துகொள்ள, நடுக்கோட்டுக்கும், கோலுக்கு முன்னாலுள்ள பெனால்ட்டி பகுதிக்கும் சரிபாதித் தொலைவில் வரையப்பட்டிருக்கும் அல்லது ஓரங்களில் கூம்பு வைத்துக் காட்டப்பட்டிருக்கும் இன்னொரு கோட்டைக் கவனியுங்கள். அதற்கு பில்ட்-அவுட் கோடு என்று பெயர். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2017 ஆகஸ்டில் கட்டாயமாக்கிய சிறுவர் ஆட்ட முறையில், 9, 10 வயதினரின் ஆட்டங்களுக்கு இந்தக் கோடு சேர்க்கப்பட்டது. கோல் கிக்கின்போதும், கோல்கீப்பர் கையில் பந்து இருக்கும்போதும் எதிரணியினர் இந்தக் கோட்டுக்கு அப்பால் விலகிவிட வேண்டும். நெருக்கடி இல்லாமல் பந்தைத் தங்கள் பகுதியிலிருந்து காலால் கொண்டுசெல்லப் பிள்ளைகள் பழகவேண்டும் என்பது இதன் நோக்கம். அதே கோடுதான் அந்த வயதினருக்கு ஆஃப்சைடு தொடங்கும் எல்லையும் ஆகும். பெரியவர்களின் ஆட்டத்தில் நடுக்கோட்டைத் தாண்டியதுமே ஆஃப்சைடு பற்றிய கவனம் தேவை. 7 பேர் ஆட்டத்தில் பில்ட்-அவுட் கோட்டைத் தாண்டிய பிறகே தேவை. 60 கெஜம் நீளமுள்ள மைதானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுக்கோடு கோல் கோட்டிலிருந்து 30 கெஜத்தில் இருக்கிறது; பெனால்ட்டி பகுதியின் ஆழம் 12 கெஜம்; ஆகவே பில்ட்-அவுட் கோடு 21 கெஜத்தில் விழுகிறது. நடுக்கோட்டுக்கும் அதற்கும் இடைப்பட்ட 9 கெஜ நிலத்தில் யார் எங்கே நின்று பந்தை வாங்கினாலும் ஆஃப்சைடு ஆகாது. அந்தச் சிறுமி அங்கேதான் நின்றிருக்கிறாள்.

உங்கள் மகளின் கோலுக்கு வருவோம். “எனக்கும் கோலுக்கும் நடுவில் ஒரு டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) இருந்தால் போதும்” என்று பெற்றோரும், சில சமயம் பயிற்சியாளர்களும்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோல்கீப்பர் எப்போதும் கடைசியில் நிற்பார் என்ற எண்ணத்தில் சொல்லப்படும் சுருக்கம் இது. விதி கோல்கீப்பரைத் தனியாகப் பிரித்துப் பேசவில்லை. எதிரணியின் கடைசி இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. எதிரணியின் பாதியில், பந்தைவிடவும், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருப்பவர் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறார். வழக்கமாக அந்தக் கடைசி ஆள் கோல்கீப்பராக இருப்பதால் நாம் ஒரு டிஃபெண்டரை மட்டும் எண்ணுகிறோம். கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னேறி வந்து உங்கள் மகளைக் கடந்துவிட்டிருந்தால், கோட்டருகே நின்ற அந்தப் பெண் கடைசி ஆள் ஆகிவிடுகிறாள்; கடைசிக்கு முந்தைய ஆள் உங்கள் மகளுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

உலகமே பார்த்துக் குழம்பிய இடம் இது. 2010 ஜூன் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் கார்லோஸ் வேலா ஒரு கார்னர் கிக்கைத் தொடர்ந்து கோல் அடித்தார். கோல் கோட்டருகே தென்னாப்பிரிக்க டிஃபெண்டர் ஒருவர் நின்றிருந்தார். ஆனால் கோல்கீப்பர் குனே பந்தைத் தேடி வெளியே வந்திருந்ததால் வேலாவுக்கு முன்னால் எதிரணியின் ஒரே ஒருவர்தான் இருந்தார். பக்கக்கோட்டில் நின்ற உதவி நடுவரின் கொடி உயர்ந்தது, கோல் மறுக்கப்பட்டது, தீர்ப்பு முற்றிலும் சரியானது. கார்னரில் ஆஃப்சைடு கிடையாதே என்று கேட்கலாம். கார்னர் கிக், த்ரோ-இன், கோல் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பது உண்மை. அன்று கார்னரிலிருந்து வந்த பந்தை இன்னொரு மெக்சிகோ வீரர் தொட்டுத்தான் வேலாவிடம் அனுப்பினார். அந்தத் தொடுதலோடு விலக்கு முடிந்துவிட்டது.

கேள்வி: 12 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடும் என் மகன், எல்லா டிஃபெண்டர்களையும் தாண்டிப் பல கெஜம் முன்னால் பந்தை வாங்கினான், கொடி உயரவில்லை. அதே ஆட்டத்தில் அவன் பின்னோக்கி ஓடிவந்து, டிஃபெண்டருக்கு இந்தப்பக்கம் பந்தை வாங்கியபோது கொடி உயர்ந்தது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?
– வாசகர், பிளேனோ, டெக்சஸ்

பதில்: உங்கள் மகன் பந்தை வாங்கிய இடத்தை நீங்கள் இரண்டு முறையும் மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆஃப்சைடு அந்த இடத்தை வைத்து முடிவாவதில்லை என்பதுதான் சிக்கல். சக ஆட்டக்காரரின் கால் பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் மைதானத்தைப் புகைப்படம் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் உங்கள் மகன் எங்கே இருக்கிறான் என்பது மட்டுமே கணக்கு. அதன் பிறகு அவன் எங்கே ஓடினாலும் படம் மாறாது. அடுத்து அவனுடைய அணியினர் ஒருவர் பந்தைத் தொடும்போதுதான் புதிய படம் எடுக்கப்படும்.

முன்னோக்கி ஓடும் ஒரு சிறுவன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்திலும், அவனை எதிர்த்து நின்ற டிஃபெண்டர் மேலேறி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்திலும் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஸ் கொடுக்கப்பட்டபோது இருவரும் ஒரே கோட்டில் இருந்தாலும், பந்து ஒரு விநாடியில் வந்து சேரும்போது இருவருக்கும் இடையில் 8 மீட்டர் விழுந்துவிடும். ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நம் கண் பந்தோடு பயணம் செய்து, அது சேருமிடத்தில்தான் சிறுவனைப் பார்க்கிறது. அங்கே 8 மீட்டர் இடைவெளி தெரிவதால் “ஆஃப்சைடு!” என்று குரல் எழுகிறது. உங்கள் மகனின் முதல் ஓட்டம் இத்தகையது. அவன் சரியான கணத்துக்குக் காத்திருந்து ஓடியிருக்கிறான், பாராட்டுங்கள்.

இரண்டாவது நிகழ்வில், பாஸ் கொடுக்கப்பட்டபோது அவன் டிஃபெண்டருக்கு அப்பால் நின்றிருந்தான். பிறகு திரும்பி வந்தான். திரும்பி வந்ததால் குற்றம் நீங்குவதில்லை. அப்படி வந்து பந்தைத் தொட்ட இடத்திலிருந்துதான் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராக கோல் அடிக்க முடியாத உதை) கொடுக்கப்படும். அந்த இடம் சில நேரங்களில் நடுக்கோட்டுக்கு இந்தப்பக்கம், அவனுடைய சொந்தப் பாதியில்கூட அமையலாம். “தன் பாதியில் நின்றவனுக்கு எப்படி ஆஃப்சைடு?” என்று அப்போது பெற்றோர் கொதிப்பது வழக்கம். பாஸ் கொடுக்கப்பட்டபோது சொந்தப் பாதியில் நின்றவருக்குத்தான் ஆஃப்சைடு கிடையாது. பிறகு அங்கே வந்து சேர்ந்தவருக்கு அந்த விலக்கு இல்லை.

உதவி நடுவர் பக்கக்கோட்டோரம் இடைவிடாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசிக்கு முந்தைய டிஃபெண்டரின் நேர்கோட்டில், பந்து அவரையும் தாண்டிவிட்டால் பந்தின் நேர்கோட்டில், இருப்பது அவருடைய கடமை. அந்தக் கோட்டிலிருந்து 10 கெஜம் தள்ளிச் சாய்வாகப் பார்ப்பவருக்கு, முன்னால் இருப்பவர் பின்னாலும், பின்னால் இருப்பவர் முன்னாலும் தெரிவார்கள். நாம் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து இந்தத் தீர்ப்பைச் சரிபார்ப்பது பெரும்பாலும் இயலாத காரியம். கொடி சற்றுத் தாமதமாக உயர்வதையும் தயக்கம் என்று எண்ண வேண்டாம். ஆஃப்சைடு இடத்தில் இருப்பவர் உண்மையாகவே ஆட்டத்தில் ஈடுபடுகிறாரா என்று பார்த்த பிறகு கொடி உயர்த்துவதே அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறை.

கேள்வி: என் மகன் பந்தைத் தொடவே இல்லை. கோல்கீப்பருக்கு அருகில் சும்மா நின்றான். அவனுடைய நண்பன் தொலைவிலிருந்து அடித்த கோலை இவனுக்காக மறுத்துவிட்டார்கள். நின்றதே குற்றமா? ஆஃப்சைடுக்கு உடலின் எந்தப் பகுதி கணக்கில் வரும்?
– வாசகி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: நின்றது குற்றமாகாது. ஆஃப்சைடு இடத்தில் இருப்பதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. எங்கே இருந்தார் என்று முதலில் பார்த்துவிட்டு, என்ன செய்தார் என்று நடுவர் இரண்டாவதாகப் பார்க்க வேண்டும். சக ஆட்டக்காரர் அனுப்பிய பந்தைத் தொடுவது, எதிரணியினர் பந்தை ஆடுவதற்குத் தடையாக இருப்பது, தடுக்கப்பட்டோ கம்பத்தில் பட்டோ திரும்பி வரும் பந்தால் ஆதாயம் அடைவது ஆகியவையே குற்றங்கள். உங்கள் மகன் கோல்கீப்பரின் பார்வையை மறைத்து நின்றிருந்தால், பந்தைத் தொடாவிட்டாலும் அது தடைதான். பந்து வரும் பாதையை கோல்கீப்பர் தெளிவாகப் பார்க்க முடிந்ததா என்பதை அந்தக் கணத்தில் நடுவர் தீர்மானிக்கிறார். ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றிருந்தால் கோல் செல்லும்.

உடலின் எந்தப் பகுதி கணக்கில் வரும் என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தலை, உடல், கால்கள் வரும். கோல்கீப்பர் உட்பட யாருடைய கையும் வராது. தோளின் மேற்பகுதி கணக்கில் உண்டு. அக்குளின் அடிமட்டத்தோடு கை தொடங்குவதாகக் கொள்கிறார்கள். கடைசிக்கு முந்தைய ஆளோடு ஒரே கோட்டில் இருப்பவர் ஆஃப்சைடு இடத்தில் இல்லை. 1990 வரை அப்படி இருந்தாலும் ஆஃப்சைடு ஆகும். அந்த ஆண்டுதான் விதி தாக்குபவருக்குச் சாதகமாக மாற்றப்பட்டது. தொலைக்காட்சியில் கோடு போட்டு மயிரிழையில் தீர்ப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். சிறுவர் ஆட்டத்தில் அந்த வசதி ஏதும் இல்லை. ஐயம் இருந்தால் ஆட்டத்தைத் தொடரவிடும் நடுவரே நல்ல நடுவர் என்பது என் கருத்து.

கேள்வி: எதிரணி டிஃபெண்டரின் காலில் பட்டு வந்த பந்தை என் மகள் கோலாக்கினாள். எதிரணி தொட்டுவிட்டால் ஆஃப்சைடு நீங்கிவிடும் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை.
– வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: இந்த விதியிலேயே மிகக் கடினமான பகுதியைத் தொட்டிருக்கிறீர்கள். பயிற்சியாளர் சொன்னது பாதி சரி. எதிரணியினர் பந்தை வேண்டுமென்றே ஆடியிருந்தால் ஆஃப்சைடு நீங்கிவிடும். பந்து அவர்மீது பட்டுத் தெறித்திருந்தால் நீங்காது. கோலுக்குள் போகும் பந்தை அவர் தடுத்திருந்தாலும் நீங்காது. கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை, ஷாட் அடிக்கப்பட்டபோதே ஆஃப்சைடு இடத்தில் காத்திருந்தவர் எடுத்து கோலாக்குவது இதனால்தான் செல்லாது.

வேண்டுமென்றே ஆடியது எது, பட்டுத் தெறித்தது எது என்பதில் பெரியவர்களே மோதிக்கொண்டார்கள். 2021 அக்டோபர் 10 அன்று மிலானில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கான நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிக்கொண்டே நீட்டிய காலில் பட்டுச் சென்ற பந்தைத்தான் பிரான்சின் எம்பாப்பே வெற்றி கோலாக்கினார். பாஸ் கொடுக்கப்பட்டபோது எம்பாப்பே ஆஃப்சைடு இடத்தில் இருந்தார். கார்சியா பந்தை ஆட முயன்றார் என்பதால் கோல் செல்லும் என்று அன்று தீர்க்கப்பட்டது. தன்னால் முடிந்ததைச் செய்து பந்தைத் தடுக்க முயன்ற டிஃபெண்டருக்கு இது நியாயமாகுமா என்ற கேள்வி வலுத்தது. விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2022 ஜூலையில் விளக்கம் ஒன்றை வெளியிட்டது. டிஃபெண்டருக்குப் பந்தின்மேல் கட்டுப்பாடு இருந்து, அதைப் பாஸ் கொடுக்கவோ, தன்வசப்படுத்தவோ, அப்புறப்படுத்தவோ வாய்ப்பு இருந்தால் மட்டுமே அது வேண்டுமென்றே ஆடியதாகக் கொள்ளப்படும். பந்து தொலைவிலிருந்து வந்ததா, அதை அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்ததா, வேகம் எவ்வளவு, திசை எதிர்பாராததா, உடலைச் சீர்செய்துகொள்ள நேரம் இருந்ததா, தரையில் வந்ததா காற்றில் வந்ததா என்பவற்றையெல்லாம் நடுவர் எடைபோட வேண்டும்.

பிள்ளைகளின் ஆட்டத்தில் இதை எப்படிப் பொருத்துவது? 10 வயதுச் சிறுவனிடம் மெதுவாக உருண்டு வந்த பந்தை அவன் தவறான திசையில் உதைத்துவிட்டால், அந்த உதை எவ்வளவு மோசமாக இருந்தாலும், அது வேண்டுமென்றே ஆடியதுதான். எதிரணியினருக்கு ஆஃப்சைடு இல்லை. நெருக்கத்தில் வேகமாக அடிக்கப்பட்ட பந்து அவனுடைய முழங்காலில் பட்டுத் திசைமாறினால் அது தெறிப்பு, ஆஃப்சைடு நிலைக்கும். உங்கள் மகள் எடுத்த பந்து எந்த வகை என்பதை நடுவர் அருகிலிருந்து பார்த்திருப்பார்.

கேள்வி: 7 வயதாகும் இளையவன் ஆடும் ஆட்டத்தில் ஆஃப்சைடே கிடையாது என்கிறார்கள். பின்னாளில் தேவைப்படும் விதியை இப்போதே கற்பித்தால் என்ன?
– வாசகர், அட்லாண்டா

பதில்: அமெரிக்காவில் 8 வயதுக்கு உட்பட்டோர் 4 பேர் கொண்ட அணிகளாக, கோல்கீப்பர் இல்லாமல் ஆடுகிறார்கள், அங்கே ஆஃப்சைடு இல்லை. இங்கிலாந்திலும் சிறு வயதினருக்கு ஆஃப்சைடு கிடையாது. 9 பேர் ஆடும் ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. இது சரியான ஏற்பாடு என்றே கருதுகிறேன். ஆஃப்சைடைப் புரிந்துகொள்ள ஒரு பிள்ளை பந்தையும், பாஸ் கொடுப்பவரையும், எதிரணியின் பின்வரிசையையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். 7 வயதில் எல்லாப் பிள்ளைகளும் பந்தை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த வயதில் அதைக் கட்டுப்படுத்தக் கற்றால் போதும்.

பெரியவர்களுக்கே இந்த விதி படிப்படியாகத்தான் தளர்த்தப்பட்டது. 1863இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளின்படி பந்துக்கு முன்னால் இருந்த எவரும் ஆட முடியாது. 1866இல் எதிரணியின் 3 பேர் முன்னால் இருந்தால் போதும் என்றானது. 1907இல் சொந்தப் பாதிக்கு விலக்கு வந்தது. 1925இல் 3 பேர் என்பது 2 ஆகக் குறைந்தது. அந்த ஒரே மாற்றத்தால் இங்கிலாந்தின் முதல் பிரிவில் அடிக்கப்பட்ட கோல்கள் 1192லிருந்து அடுத்த பருவத்தில் 1703 ஆக உயர்ந்தன. கோலருகே காத்து நிற்பதைத் தடுக்க விதி வேண்டும்; அதிகமாகத் தடுத்தால் ஆட்டம் இறுகிப்போகும். 9, 10 வயதினருக்குப் பில்ட்-அவுட் கோடு வரைந்ததும் இந்தச் சமநிலையை நாடித்தான்.

உங்கள் மூத்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஃபெண்டர்களை ஒரே வரிசையில் மேலேறச் செய்து எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் தந்திரத்தைச் சில பயிற்சியாளர்கள் 11 வயதிலேயே கற்பிக்கிறார்கள். அது ஆட்டங்களை வெல்லலாம்; ஆனால் ஓடும் எதிரியோடு சேர்ந்து ஓடிப் பந்தைப் பறிக்கப் பழக வேண்டிய வயதில், கையை உயர்த்திக் கொடியை எதிர்பார்த்து நிற்கப் பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறது. விசில் வரும்வரை ஆடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பதே அவர்களுக்கு நல்லது. தாக்கும் பிள்ளைகளுக்கு வீட்டருகிலுள்ள பூங்காவிலேயே பயிற்சி கொடுக்கலாம்: ஒருவர் டிஃபெண்டராக நிற்கட்டும், பிள்ளை அவரோடு ஒரே கோட்டில் நிற்கட்டும், மூன்றாமவர் பந்தை உதைக்கட்டும். உதைப்பவரின் கால் பின்னால் போவதைப் பார்த்து ஓடத் தயாராகி, கால் பந்தைத் தொடும்போது புறப்பட வேண்டும். சில வாரங்களில் கண் பழகிவிடும்.

கேள்வி: ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர் மட்டுமே வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கொடியைக் கொடுத்துப் பக்கக்கோட்டில் நிற்கச் சொன்னார். தெளிவான ஆஃப்சைடுக்கு நான் கொடி உயர்த்தியபோது அவர் கவனிக்கவில்லை. பிறகு எதற்குக் கொடி?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: பயிற்சி பெற்ற உதவி நடுவர்கள் கிடைக்காதபோது பெற்றோரில் ஒருவரைத் துணைக்கு நிறுத்துவது வழக்கம். அப்படி நிற்பவரின் பணி, பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டியதைக் காட்டுவது மட்டும்தான். எந்த அணிக்கு த்ரோ-இன் என்பதையும், ஆஃப்சைடையும், ஃபவுலையும் நடுவரே தீர்மானிப்பார். உங்களை அவமதிக்க அவர் எண்ணவில்லை. ஒரு அணியின் பெற்றோர் காட்டும் ஆஃப்சைடை ஏற்றால், மறு அணிக்கு அது எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். தனியாக நிற்கும் நடுவர் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டே, 30 கெஜத்துக்கு அப்பால் இருக்கும் பின்வரிசையையும் பார்க்க வேண்டியிருப்பதால் சில ஆஃப்சைடுகள் தவறத்தான் செய்யும். அந்த நடுவர் பல மைதானங்களில் உயர்நிலைப்பள்ளி மாணவராகவே இருப்பார்.

ஆஃப்சைடுக்குக் கொடி உயர்த்தும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால், உங்கள் மாநில சாக்கர் சங்கத்தின் மூலம் அடிப்படை நடுவர் பயிற்சியில் சேரலாம். பயிற்சியை முடித்துப் பதிவு செய்துகொண்டால் முறையான உதவி நடுவராக நிற்கலாம். அடுத்த முறை பெற்றோராகவே கொடியை வாங்கினால், ஆட்டம் தொடங்குமுன் “நான் எதையெல்லாம் காட்டவேண்டும்?” என்று நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லீகுக்கு லீக் சிறு வேறுபாடுகள் இருப்பதால், பருவத்தின் தொடக்கத்தில் உங்கள் லீக் அனுப்பும் விதித்தாளில் பில்ட்-அவுட் கோடு பற்றிய பத்தியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.